யாரோடு யாரை உட்கார வைப்பது: செயற்கைக்கோள் இணையத்தின் வேகம் எங்கே முடிவாகிறது

2024 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கேப் கனாவரலில் இருந்து இந்தியாவின் ஜிசாட்-என்2 என்ற இணையச் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. நொடிக்கு 48 ஜிகாபிட் கொள்ளளவு என்று செய்திகள் சொல்லின. 2025 ஜூனில், செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது. அன்றிலிருந்து வால்பாறை எஸ்டேட் லயன்களிலும் தாளவாடி, பர்கூர் மலைக் கிராமங்களிலும் ஒரே பேச்சுதான்: இனி டவருக்காகக் காத்திருக்க வேண்டாம், கூரைமேல் தட்டு வைத்தால் போதும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே கேபிள் இழுப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு நியாயமாகவே படும்.

சரி, 48 ஜிகாபிட்டில் நம் வீட்டுக்கு எவ்வளவு வரும்? ஜிசாட்-என்2 இந்தியாவை 32 பீம்களாக, அதாவது தரையில் விழும் 32 சிக்னல் வட்டங்களாக, பிரித்துக்கொள்கிறது. அவற்றில் 8 குறுகிய பீம்கள் வடகிழக்குக்கு. மற்ற 24 அகன்ற பீம்கள் நாட்டின் மீதிப் பகுதிக்கு. எல்லா பீமுக்கும் சமமாகப் போவதாக வைத்துக்கொண்டால் பீமுக்கு 1.5 ஜிகாபிட். அந்த பீமின் நிழலில் 1,000 பேர் ஒரே சமயத்தில் வீடியோ பார்த்தால் ஆளுக்கு 1.5 மெகாபிட். ராக்கெட் ஏறும்போது பெரிதாகத் தெரிந்த எண் கூரைக்கு வந்து சேரும்போது இப்படித்தான் இளைத்துப் போகிறது.

இந்த எண்ணைக் கொஞ்சம் தேற்ற முடியுமா என்று பொறியாளர்கள் இருபது வருடங்களாக மல்லுக்கட்டுகிறார்கள். அதில் அடிபடும் இரண்டு சொற்கள் பிரீகோடிங், ஷெட்யூலிங். முதலாவதை முன்குறியாக்கம் என்றும் இரண்டாவதைப் பயனர் வரிசைப்படுத்தல் என்றும் எழுதுகிறார்கள். முதலாவதன் கணிதம் அழகானது என்பதால் பேச்செல்லாம் அதைப் பற்றியே நடக்கிறது. என் கணிப்பில் வேகத்தை அதிகம் கூட்டுவதும் கெடுப்பதும் இரண்டாவதுதான். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பீம் என்பது என்ன

முதலில் சொல் தகராறு. செய்தித்தாள்கள் ஸ்பெக்ட்ரத்தை 'அலைக்கற்றை' என்று எழுதிப் பழக்கிவிட்டன. பீமையும் 'கற்றை' என்று எழுதினால் எது எதுவென்று தெரியாமல் போகும். அதனால் இங்கே பீம் பீமாகவே இருக்கட்டும்.

புவிநிலை செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால் நம் பார்வைக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. தட்டை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். பழைய டிவி செயற்கைக்கோள்கள் நாடு முழுவதும் ஒரே வெளிச்சமாகப் பாய்ச்சின. இணையத்துக்கு அது ஒத்துவராது, ஆளுக்கு ஆள் வேறு தரவு போக வேண்டும். ஆகவே ஒரே ஆன்டெனாவில் பல ஊட்டிகளை (சிக்னலை ஊட்டும் 'ஃபீட்' கருவிகளை) வைத்து, ஒவ்வொன்றும் தரையில் ஒரு வட்டத்தை மட்டும் பார்க்கும்படி செய்கிறார்கள். அந்த வட்டம்தான் பீம்.

வட்டம் என்றால் சுவர் கட்டிய வட்டம் இல்லை. டார்ச் அடித்தால் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் விழுந்து, அதற்கப்பாலும் கொஞ்சம் சிதறுமே, அதே கதைதான். பக்கத்து பீமின் வெளிச்சம் நம் பீமுக்குள் விழும். இதுதான் குறுக்கீடு. பீமின் நடுவில் இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. இரண்டு பீம்களின் எல்லையில் இருப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும்.

நாலு மண்டலம், நாலு நிறம்

குறுக்கீட்டுக்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அதை பி.ஏ.பி. பாசனக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எல்லா மடையையும் ஒரே நாளில் திறந்தால் யாருக்கும் உருப்படியாகப் பாயாது.

செயற்கைக்கோளிலும் அலைக்கற்றையை நாலு துண்டாக்கி, ஒவ்வொரு பீமுக்கும் ஒரு துண்டு கொடுக்கிறார்கள். அடுத்தடுத்த பீம்களுக்கு ஒரே துண்டு வராமல் வரைபடத்தில் நாலு நிறம் பூசுவது போலப் பங்கிடுவதால் இதற்கு நாலு நிற முறை என்று பெயர். பாசனத்தோடு ஒரு வித்தியாசம்: அங்கே பிரிப்பது காலத்தை, இங்கே பிரிப்பது அதிர்வெண்ணை. அதனால் யாரும் காத்திருப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் எப்போதும் கால் பங்குதான்.

எல்லா பீமுக்கும் முழு அலைக்கற்றையையும் கொடுத்துவிட்டால் என்ன? நாலு மடங்கு அகலம் கிடைக்கும், கூடவே குறுக்கீடும் முழுசாக வரும். அந்தக் குறுக்கீட்டை அனுப்பும் இடத்திலேயே தீர்த்துக்கட்டும் வேலைதான் பிரீகோடிங்.

இரண்டு ரேடியோ செட்டும் ஒரு திண்ணையும்

பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரே நாளில் மாரியம்மன் நோம்பி. இரண்டு கோயிலிலும் ரேடியோ செட் கட்டியிருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே தோட்டத்துச் சாளையில் திண்ணைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு மேற்கிலிருந்து ஒரு பாட்டு, கிழக்கிலிருந்து வேறொரு பாட்டு. இரண்டும் கலந்து எதுவும் விளங்காது.

இப்போது இரண்டு செட்டையும் ஒரே ஆள் இயக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்ணைக்காரர் மேற்குப் பாட்டைத்தான் கேட்க விரும்புகிறார். கிழக்குப் பாட்டு திண்ணைக்கு எவ்வளவு பலத்தில் வருகிறது என்றும் இயக்குபவருக்குத் தெரியும். அவர் மேற்குக் குழாயில் மேற்குப் பாட்டோடு, கிழக்குப் பாட்டைத் தலைகீழாக்கி, அளவாகச் சேர்த்து விடுகிறார். நேர் ஓசையும் எதிர் ஓசையும் திண்ணையில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். திண்ணைக்காரர் காதில் மேற்குப் பாட்டு மட்டும் விழும். அவர் எந்தக் கருவியும் வாங்கவில்லை, அனுப்புகிற பக்கத்திலேயே வேலை முடிந்துவிட்டது.

பிரீகோடிங் செய்வது இதைத்தான். ஒவ்வொரு ஊட்டியும் தன் பீமின் சிக்னலோடு, மற்ற பீம்களின் சிக்னலையும் அளந்து, குறி மாற்றிச் சேர்த்து அனுப்புகிறது. செயற்கைக்கோளுக்குள் இதற்கென்று மூளை எதுவும் வேண்டியதில்லை. தரை நிலையத்தில் கணக்குப் போட்டு மேலே அனுப்பிவிடலாம், கோள் வெறும் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும்.

குறுக்கீடு என்னவென்று அனுப்புபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால், கொள்கை அளவில் அதனால் துளி நஷ்டமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று 1983-ல் மேக்ஸ் கோஸ்டா நிரூபித்தார். அந்த எல்லையைத் தொடும் முறைகள் நடைமுறைக்குக் கனமானவை. அதனால் எளிய பெருக்கல்–கூட்டல் முறைகளையே பயன்படுத்துகிறார்கள். குறுக்கீட்டைச் சுத்தமாகப் பூஜ்ஜியமாக்குவது ஒரு வகை. இரைச்சலையும் கணக்கில் எடுத்து, பூஜ்ஜியத்துக்குப் பக்கம் வரை போய் நின்றுகொள்வது இன்னொரு வகை.

காங்கேயத்துக்கு எவ்வளவு மிச்சம்

இனி கொஞ்சம் கணக்கு. உண்மையில் ஒரு பீம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் இருக்கும். கொங்குநாடு மொத்தமும் ஒரே பீமுக்குள் அடங்கிவிடலாம். புரிதலுக்காகச் சுருக்கிக்கொள்வோம்: மேற்கே ஒரு பீம், கிழக்கே ஒரு பீம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எல்லை. பொள்ளாச்சி மேற்கு பீமின் உள்ளே, ராசிபுரம் கிழக்கு பீமின் உள்ளே. ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு ஊட்டிகளிலிருந்தும் சிக்னல் எந்த வீச்சில் வருகிறது என்பதை இரண்டு எண்களாக எழுதலாம். முதல் எண் மேற்கு ஊட்டியிலிருந்து, அடுத்தது கிழக்கு ஊட்டியிலிருந்து.

1. பொள்ளாச்சி: 1, 0.2
2. காங்கேயம்: 0.8, 0.6
3. வெள்ளகோவில்: 0.6, 0.8
4. ராசிபுரம்: 0.2, 1

முதலில் காங்கேயமும் ராசிபுரமும் ஒரே நேரத்தில் சிக்னல் வாங்குகின்றன. காங்கேயத்துக்கான சிக்னல் ராசிபுரத்தில் கேட்கக் கூடாது. மேற்கு ஊட்டி அதை 1 என்ற அளவில் அனுப்பினால், கிழக்கு ஊட்டி அதையே −0.2 அளவில் அனுப்ப வேண்டும். ராசிபுரத்தில் 0.2 × 1 + 1 × (−0.2) = 0. சுத்தம். காங்கேயத்தில் 0.8 × 1 + 0.6 × (−0.2) = 0.68. இரண்டு ஊட்டிகளும் சேர்ந்து செலவழித்த ஆற்றலைச் சமன் செய்தால் (மொத்தம் 1 ஆகும்படி 1.02-ஆல் வகுத்தால்) 0.667. ஆற்றல் என்பது வீச்சின் வர்க்கம், ஆகவே 0.44. நூற்றுக்கு நாற்பத்து நாலு கையில் நிற்கிறது. மோசமில்லை.

அடுத்து காங்கேயமும் வெள்ளகோவிலும் ஒரே நேரத்தில். வெள்ளகோவிலில் பூஜ்ஜியமாக்க, கிழக்கு ஊட்டி −0.75 அளவில் அனுப்ப வேண்டியிருக்கிறது. காங்கேயத்தில் 0.8 − 0.45 = 0.35. ஆற்றலைச் சமன் செய்தால் 0.28. அதன் வர்க்கம் 0.078. நூற்றுக்கு எட்டு!

இங்கே பிரீகோடிங் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. சொன்னபடி குறுக்கீட்டைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. ஆனால் இரண்டு ஊர்களும் செயற்கைக்கோளுக்கு ஒரே மாதிரி தெரிவதால், ஒருவருக்குக் கேட்காமல் செய்யப்போய் மற்றவருக்கும் கேட்காமல் போய்விட்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

வேகமாக மாற்றிப் பார்ப்போம். வீச்சு 1 இருந்தால் சிக்னல் இரைச்சலைப் போல 10 மடங்கு என்று கொள்வோம். நாலு ஊருக்கும் இரண்டு தவணைகளில் ஆளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானன் 1948-ல் தந்த வாய்பாட்டில் போட்டு, ஒரு ஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு இத்தனை பிட் என்று நாலு ஊரையும் கூட்டினால்:

1. நாலு நிற முறையில், ஆளுக்குக் கால் அலைக்கற்றை மட்டும்: சுமார் 5.0
2. முழு அலைக்கற்றை, பிரீகோடிங் இல்லை: சுமார் 8.6
3. பூஜ்ஜியமாக்கும் பிரீகோடிங், ஆனால் பொள்ளாச்சி–ராசிபுரம் ஒருமுறை, காங்கேயம்–வெள்ளகோவில் ஒருமுறை: சுமார் 8.3
4. அதே பிரீகோடிங், பொள்ளாச்சி–வெள்ளகோவில் ஒருமுறை, காங்கேயம்–ராசிபுரம் ஒருமுறை: சுமார் 9.9

மூன்றாவதைக் கவனியுங்கள். பிரீகோடிங் செய்யாமலே விட்டதைவிடக் குறைவு. நாலாவதில் கணிதம் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஜோடி மட்டும் மாறியது. மொத்தம் கூடியதோடு, எல்லையோர ஊர்களின் வேகமும் 0.8-லிருந்து 2.4-க்குப் போய்விட்டது. இது இரண்டே பீம் கொண்ட பொம்மைக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிஜத்தில் ஒரு பீமைச் சுற்றி ஐந்தாறு பீம்கள் இருப்பதால் இரண்டாவது வரியில் உள்ள எண் இவ்வளவு நன்றாக இருக்காது. ஜோடி சேர்ப்பதன் முக்கியத்துவம் அங்கே இன்னும் கூடும்.

ஃபிரேம் என்கிற மினிபஸ்

இதுவரை ஒரு பீமில் ஒரு நேரத்தில் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டோம். செல்போன் டவரில் அது கிட்டத்தட்ட சரி. செயற்கைக்கோளில் சரியில்லை. மல்டிகாஸ்ட் என்ற சொல் உள்ளே வருவது இங்கேதான்.

மல்டிகாஸ்ட் என்றால் ஒன்றைப் பலருக்கு அனுப்புவது. இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று நாம் அறிந்தது: ஒரே பாடத்தையோ ஒரே கிரிக்கெட் ஆட்டத்தையோ பல ஊருக்கு அனுப்புவது. 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எஜுசாட் அந்த வேலைக்கென்றே போனது. இன்னொன்று மறைமுகமானது. உள்ளடக்கம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தாலும், அதைச் சுமந்து வரும் வண்டி ஒன்றாக இருப்பதால் ஏற்படும் மல்டிகாஸ்ட். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பிரீகோடிங்கோடு சேர்த்துப் பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். குழப்பமும் இங்கேதான் வருகிறது.

அந்த வண்டியின் பெயர் ஃபிரேம். செயற்கைக்கோள் இணையத்தின் பொதுத் தரமான டிவிபி-எஸ்2-வில் ஒரு சாதாரண ஃபிரேமின் நீளம் 64,800 பிட்டுகள், குட்டி ஃபிரேம் 16,200 பிட்டுகள். இவ்வளவு நீளம் எதற்கு? 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் சிக்னல் மெலிந்துபோயிருக்கும். பிழை திருத்தும் குறியீடு நீளமாக இருந்தால்தான் அந்த மெலிந்த சிக்னலில் இருந்து கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்க முடியும். ஒரு வாட்ஸ்அப் செய்தி சில ஆயிரம் பிட்டுகள்தான். அதற்காக முழு ஃபிரேமையும் ஓட்டினால் ஒற்றை ஆளுக்காக மினிபஸ் எடுத்த மாதிரி. அதனால் ஒரே ஃபிரேமில் பலருடைய பொட்டலங்களை ஏற்றுகிறார்கள். அந்த பீமில் உள்ள எல்லாத் தட்டுகளும் ஃபிரேம் முழுவதையும் அவிழ்த்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள்.

ஒன்று, வேகம். ஒரு ஃபிரேமுக்கு ஒரே பண்பேற்றமும் (பிட்டுகளை அலையில் ஏற்றும் விதம்) ஒரே பிழை திருத்தும் குறியீடும்தான். சிக்னல் நன்றாக இருப்பவருக்கு 32 புள்ளிப் பண்பேற்றத்தில் ஒரு குறிக்கு (அலையின் ஒரு துடிப்புக்கு) நாலரை பிட் வரை அனுப்பலாம். மோசமாக இருப்பவருக்கு நாலு புள்ளிப் பண்பேற்றத்தில் அரை பிட்தான் தாங்கும். ஒன்பது மடங்கு வித்தியாசம். இருவரும் ஒரே ஃபிரேமில் ஏறினால், மெலிந்தவருக்குப் புரியும் வேகத்தில்தான் முழு ஃபிரேமும் போக வேண்டும்.

இரண்டு, பிரீகோடிங்கும் ஃபிரேமுக்கு ஒன்றுதான். நடுவில் ஆளுக்கு ஆள் பெருக்கு எண்ணை (மேலே பார்த்த 1, −0.2 போன்றவற்றை) மாற்ற முடியாது. இது முதலாவதைவிடக் கொடுமை. நம் பொம்மைக் கணக்கில் மேற்கு ஃபிரேமில் பொள்ளாச்சியும் காங்கேயமும், கிழக்கு ஃபிரேமில் வெள்ளகோவிலும் ராசிபுரமும் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேற்கு ஃபிரேம் இரண்டு கிழக்கு ஊர்களிலும் கேட்கக் கூடாது. இருப்பதோ இரண்டே ஊட்டி. ஓர் ஊரில் பூஜ்ஜியமாக்கலாம், இரண்டிலும் முடியாது. எண்களை இப்படி அப்படி மாற்றித் தேடினாலும் காங்கேயத்துக்கு 1.4-க்கு மேல் தேறவில்லை. பொள்ளாச்சிக்கு எவ்வளவு நல்ல சிக்னல் இருந்தாலும் அதே 1.4. நாலு ஊரும் சேர்ந்து 5.6. பழைய நாலு நிற முறை 5.0 தந்தது நினைவிருக்கும். இவ்வளவு பாடுபட்டதற்கு மிச்சம் அரை பிட்.

ஒரு குழுவில் உள்ள எல்லோருக்கும் பொதுவாக, மிக மெலிந்தவருக்கும் போதுமான அளவில் சிக்னலைத் திருப்புவதற்குச் சரியான விடை காண்பது பொதுவாக எளிதில் தீர்க்க முடியாத கணக்கு வகையைச் சேர்ந்தது என்று 2006-ல் நிக்கோலஸ் சிடிரோபூலோஸ் குழுவினர் காட்டினார்கள். தோராய விடைதான் கிடைக்கும். ஆனால் தோராயத்தை எவ்வளவு மெருகேற்றினாலும், ஏற்கெனவே தவறாக ஏற்றிய மினிபஸ்ஸைச் சரிசெய்ய முடியாது.

ஏற்றும் ஒழுங்கு

அப்படியானால் எப்படி ஏற்றுவது? விதி ஒரு வரிதான்: ஒரே ஃபிரேமுக்குள் ஒரே மாதிரி ஆட்கள், ஒரே நேரத்தில் ஓடும் வெவ்வேறு பீம் ஃபிரேம்களுக்கு இடையே வேறு மாதிரி ஆட்கள். மேற்கு பீமில் பொள்ளாச்சியும் ஆனைமலையும் ஒன்றாக ஏறட்டும். அதே நேரம் கிழக்கில் வெள்ளகோவிலும் அதன் பக்கத்து ஊரும் ஏறட்டும். அடுத்த முறை மேற்கில் காங்கேயத்துச் சுற்றுவட்டாரம், கிழக்கில் ராசிபுரத்துச் சுற்றுவட்டாரம். அப்போது ஃபிரேமில் எத்தனை பேர் இருந்தாலும் எண்கள் ஏறக்குறைய ஒரே ஆளுடையவை போலவே இருக்கும். போன 9.9 திரும்பக் கைக்கு வரும்.

'ஒரே மாதிரி' என்பதை இங்கே இடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஊட்டிகள் எல்லாம் ஒரே கோளில் அருகருகே இருப்பதால், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு எல்லா ஊட்டிகளிலிருந்தும் வரும் பலத்தின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. நகரத்து செல்போன் டவரில் இது நடக்காது. அங்கே சுவரில் மோதித் திரும்பும் அலைகளால் நாலு அடி தள்ளி நின்றாலே கணக்கு மாறும். செயற்கைக்கோளுக்கு இது பெரிய வரம்.

விதி சுலபம்தான், ஆனால் தேடுவது அப்படியில்லை. ஒரு பீமில் 200 பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஃபிரேமுக்கு நாலு பேர் என்றால், தேர்ந்தெடுக்கும் வழிகள் சுமார் 6.47 கோடி. பக்கத்து பீமிலும் அதே அளவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். நொடிக்கு 3 கோடி குறிகள் ஓடும் தடத்தில் நாலு புள்ளிப் பண்பேற்ற ஃபிரேம் ஒன்று சுமார் ஒரு மில்லி நொடியில் முடிந்துவிடும். அதற்குள் அடுத்த ஃபிரேமுக்கு ஆள் தயாராக இருக்க வேண்டும். எல்லா வழிகளையும் பார்ப்பது நடக்காத காரியம்.

அதனால் கைமுறை மாதிரி ஓர் ஒழுங்கை வைத்துக்கொள்கிறார்கள். லக்சம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் முன்வைத்த முறையின் சாரம் இது:

1. முதல் பீமில் ஒருவரைத் தேர்ந்தெடு.
2. மற்ற பீம்களில், ஏற்கெனவே தேர்ந்தவர்களோடு மிகக் குறைவாக ஒத்துப்போகிறவரை ஒவ்வொருவராக எடு. இவர்கள்தான் ஒவ்வொரு வண்டிக்கும் முதல் பயணி.
3. பிறகு ஒவ்வொரு வண்டியிலும் மீதி இடங்களை, அந்த முதல் பயணியோடு மிக நெருக்கமாக ஒத்துப்போகிறவர்களால் நிரப்பு.
4. எல்லோரும் ஏறிய பிறகே பெருக்கு எண்களைக் கணக்கிடு.

நாலாவதுதான் பிரீகோடிங். அதற்கு முன்னால் உள்ள மூன்றும் ஷெட்யூலிங். முதல் மூன்றில் சொதப்பினால் நாலாவதால் மீட்க முடியாது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

வால்பாறையில் மழை, காங்கேயத்தில் வெயில்

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை வால்பாறையில் விடாமல் கொட்டும். அதே நாளில் மழை மறைவில் இருக்கும் காங்கேயத்தில் வெயில் அடிக்கும். செயற்கைக்கோள் இணையம் ஓடும் உயர் அதிர்வெண் வரிசைகளான கேயூ, கேஏ பட்டைகளின் சிக்னலை மழை உறிஞ்சிவிடும், கேஏ பட்டையில் இன்னும் அதிகமாக.

மழை எதை மாற்றுகிறது, எதை மாற்றவில்லை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. வீட்டுக்கு மேலே பெய்யும் மழை எல்லா ஊட்டிகளிலிருந்தும் வரும் சிக்னலை ஒரே அளவில்தான் குறைக்கும். 1, 0.2 என்றிருந்தது 0.5, 0.1 ஆகலாம். விகிதம் அப்படியே இருக்கும். எனவே எதிர் ஓசையால் அழிக்கும் கணக்கு கெடாது. ஆனால் பலம் பாதியாகிவிட்டது. இவர் ஏறிய ஃபிரேம் இவர் வேகத்துக்கு இறங்கிவிடும். ஆகவே விகிதம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்து ஏற்றினால் மழை நாளில் மாட்டிக்கொள்வோம். விகிதத்தோடு பலத்தையும் பார்த்து, நனைந்தவர்களைத் தனி வண்டியில் ஏற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் தரை நிலையத்துக்கு ஒவ்வொரு தட்டின் எண்களும் தெரிந்திருக்க வேண்டும். ஃபிரேம்களுக்கு நடுவே எல்லோருக்கும் தெரிந்த சில அடையாளக் குறிகள் வரும். தட்டு அவற்றை வைத்து அளந்து திருப்பி அனுப்பும். அளவு மேலே போய்க் கீழே வரக் கால் நொடி, அதை வைத்துப் போட்ட கணக்கு தட்டுக்கு வந்து சேர இன்னொரு கால் நொடி. அரை நொடிப் பழசான எண்ணை வைத்துத்தான் எப்போதும் வேலை நடக்கும். நகராத வீட்டுக்கு இது பெரிய சிக்கல் இல்லை, அரை நொடியில் மழை தலைகீழாக மாறாது. கோளுக்குள் அலைக்குத் தாளம் போடும் ஆஸிலேட்டர்களின் கட்டம் நடுங்கினால்தான் சங்கடம். எதிர் ஓசை சரியான தருணத்தில் தலைகீழாக இல்லையென்றால் அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்.

கடைமடைக்காரரின் பங்கு

மொத்த வேகத்தைக் கூட்டுவது மட்டுமே குறி என்று கணினிக்குச் சொல்லிவிட்டால், அது பீமின் நடுவில் இருப்பவர்களுக்கே மீண்டும் மீண்டும் வண்டி விடும். கணக்குப்படி அதுதான் லாபம். எல்லையோரத்துக்காரர் வரிசையிலேயே நிற்பார். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்தது இதைத் தவிர்க்கத்தான்.

அதற்கு இணையான ஏற்பாடு இங்கேயும் இருக்கிறது. ஒருவருக்கு இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, அவருக்கு இதுவரை கிடைத்த சராசரியால் வகுத்து, அதிக மதிப்பு வருபவரை முதலில் ஏற்றுவார்கள். பட்டினி கிடந்தவரின் சராசரி குறையக் குறைய அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் கட்டாயம் இடம் கிடைத்துவிடும். எந்த அளவுக்கு நியாயம், எந்த அளவுக்கு மொத்த லாபம் என்பதை இயக்கும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. விளம்பரத்தில் வரும் 'இத்தனை மெகாபிட் வரை' என்பதில் இந்த முடிவு தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால், மலைக் கிராமத்துப் பள்ளிக்கோ ரேஷன் கடைக்கோ இணைப்பு வாங்குபவர் உச்ச வேகத்தைக் கேட்பதைவிட, சாயந்திர நெரிசலில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது மேல்.

எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது

2014-ல் வந்த டிவிபி-எஸ்2எக்ஸ் தரத்தில் பிரீகோடிங்குக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லா பீம்களின் ஃபிரேம்களும் ஒரே தாளத்தில் தொடங்கும்படி, 6,12,540 குறிகள் கொண்ட சூப்பர் ஃபிரேம் என்ற பெரிய சட்டம் அதில் உண்டு. தாளம் ஒன்றாக இல்லாவிட்டால் எதிர் ஓசை விழுகிற இடத்தில் விழாது. ஆக, தரம் தயார்.

முட்டுவது வேறு இடங்களில். எல்லா பீமுக்கும் முழு அலைக்கற்றை என்றால், அத்தனையையும் தரையிலிருந்து முதலில் மேலே ஏற்ற வேண்டும். பீமுக்கு 500 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் 32 பீமுக்கு 16 ஜிகாஹெர்ட்ஸ். ஒரு தரை நிலையத்தால் அது முடியாது, பல நிலையங்கள் பிரித்துச் செய்ய வேண்டும். அப்போது ஒரு நிலையம் அனுப்பும் சிக்னலின் எதிர் ஓசையை வேறொரு நிலையம் அனுப்ப வேண்டி வரும். இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு பீமுக்கும் தனித்தனி ஆம்பிளிஃபயர். ஒன்றில் மிஞ்சும் ஆற்றலை மற்றதற்குக் கைமாற்றுக் கொடுக்க முடியாது. என் பொம்மைக் கணக்கில் ஆற்றலைச் சமன் செய்துகொண்டது அந்த அளவுக்குத் தாராளம்தான்.

ஸ்டார்லிங்க் மாதிரித் தாழ்வட்டக் கோள்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. தூரம் குறைவென்பதால் அளந்த எண் மில்லி நொடிகளில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் கோள் நகர்வதால் அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். காங்கேயத்தில் இந்த நிமிடம் எல்லையோரமாக இருக்கும் வீடு சில நிமிடங்களில் வேறொரு கோளின் பீமுக்கு நடுவில் இருக்கும். அங்கே யாரும் நிரந்தரக் கடைமடை இல்லை. ஆனால் யாரோடு யாரை ஏற்றுவது என்ற பட்டியலை ஒவ்வொரு கோள் மாறும்போதும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.